மறைத்த எண்ணும் மறந்த இடமும்

ஹூஸ்டனில் இருக்கும் என் மச்சினன் போன தீபாவளிக்கு மறுநாள் ஒரு படம் அனுப்பினான். புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கி, க்ளாக். சாப்பாட்டு மேசையில் விரித்த பச்சைத் துண்டின் மேல் வலப்பக்கம் தெரியும்படி படுத்திருந்தது. அதன் மேல்பாகத்தின் நடுவில் அவனுடைய கட்டைவிரல், கைநாட்டு வைப்பதுபோல் அழுந்தி நின்றது. போன் போட்டு, "படம் எடுக்கும்போது விரலை எடுக்கக் கூடாதா மாப்ளே?" என்றேன்.

"வேணும்னுதான் வச்சேன் அத்தான். அங்கதான் சீரியல் நம்பர் இருக்கு. இங்க யாரும் அதை வெளிய காட்ட மாட்டாங்க."

"காட்டினா?"

"வம்புதான்."

என்ன வம்பு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் மறைக்கிறார்கள், அவனும் மறைத்தான். படம் மங்காமல் வரட்டும் என்று வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பியிருந்தான். சேமித்துத் திறந்து, விரலால் மேலே தள்ளினேன். படத்துக்குக் கீழே தேதி, நேரம், போனின் மாடல். அதற்கும் கீழே சின்னதாக ஒரு வரைபடம், நடுவில் ஒரு குறி. பெரிதாக்கப் பெரிதாக்க ஊர், பேட்டை, தெரு, கடைசியில் ஒரு வீட்டுக் கூரை. அவன் அந்த வீட்டுக்குக் குடிபோய் இரண்டே மாதம் ஆகியிருந்தது. முகவரியை நான் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போடும் படங்களை அன்றிலிருந்து கொஞ்சம் கவனித்துப் பார்க்கிறேன். எண்ணை விரலால் மறைக்கிறார்கள், பட்டையான டேப் ஒட்டுகிறார்கள், கணினியில் கறுப்புப் பூசுகிறார்கள். இடத்தைப் பற்றி அந்த அளவு அக்கறை தெரிவதில்லை. ஒரே படத்திலிருந்து கசியக்கூடிய இந்த இரண்டு அடையாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது யாருக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தால், பயம் ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலும் இருப்பது தெரிகிறது.

முதலில் எண். அமெரிக்காவில் உரிமம் பெற்ற உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறித்தே ஆக வேண்டும் என்றது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்கு முன்பும் பல கம்பெனிகள் தங்கள் கணக்குக்காக எண் போட்டுவந்தன. மலிவான வேட்டைத் துப்பாக்கிகள் பல எண்ணே இல்லாமல் விற்றன. இப்போது எழுத்தின் அளவுக்கும் விதி உண்டு. குறைந்தது 0.003 அங்குல ஆழம், 1/16 அங்குல உயரம். அதாவது 1.6 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு எள்ளின் அகலம். அந்தக் கால ஃபிலிம் கேமராவில் இது ஒரு கீறலாக விழுந்திருக்கும். இன்றைய போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். க்ளாக்கில் இந்த எண் மூன்று இடத்தில் இருக்கிறது: மேலே நகரும் ஸ்லைடில், குழலில், ஃபிரேமின் அடியில் பதித்த சிறு உலோகத் தகட்டில். முதல் இரண்டும் வலப்பக்கம் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு கட்டைவிரல் போதும். தகடு கீழ்நோக்கி இருக்கிறது. திருப்பி எடுத்தால்தான் தெரியும்.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு இந்த மறைப்பு அவ்வளவு சுலபமில்லை. துப்பாக்கி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முழுதும் மறைத்தால் படம் போட்டதில் பயனில்லை. அதனால் முன்பாதியைக் காட்டிக் கடைசி இரண்டு மூன்று இலக்கங்களுக்குப் பதில் எக்ஸ் போடுவது அவர்கள் வழக்கம். ஜெர்மன் ராணுவத்தின் லூகர் பி.08 கைத்துப்பாக்கியில் இந்தத் தந்திரம் கவிழ்ந்துவிடுகிறது. அதன் ஃபிரேமில் முழு எண்ணும், சின்னச் சின்ன உதிரிபாகங்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் பொறித்திருப்பார்கள். எல்லாப் பாகத்திலும் எண் ஒத்துப்போனால் விலை பல மடங்கு. விற்பவர் அதைக் காட்டத்தான் ஒவ்வொரு பாகத்தையும் நெருக்கத்தில் படமெடுக்கிறார். முதல் படத்தில் கடைசி இரண்டு இலக்கத்துக்குக் கறுப்புப் பூசியிருக்கும். அடுத்த படத்தில் பக்கத் தகட்டின் மேல் அதே இரண்டு இலக்கம் பளிச்சென்று நிற்கும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை.

சரி, முழு எண்ணும் ஒருவன் கையில் கிடைத்துவிட்டது. என்ன செய்வான்? இங்கேதான் அமெரிக்க ஏற்பாட்டின் விசித்திரம் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வரும் தேசியப் பட்டியல் என்று ஒன்று அங்கே கிடையாது. அப்படி ஒன்றை உருவாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணைப் போலீஸ், மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிறு ஊரில் இருக்கும் கூட்டரசின் தடமறியும் மையத்துக்கு அனுப்புகிறது. அங்கே இருப்பவர்கள் கம்பெனியைக் கேட்கிறார்கள். கம்பெனி மொத்த வியாபாரியைக் காட்டுகிறது. மொத்த வியாபாரி கடையைக் காட்டுகிறார். கடைக்காரர் தன் பதிவேட்டைப் புரட்டி, வாங்கியவர் நிரப்பிக் கொடுத்த 4473ஆம் எண் படிவத்தைத் தேடி எடுக்கிறார். 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கடை மூடிப்போயிருந்தால் அதன் காகிதங்கள் ஏற்கெனவே மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்திருக்கும். அட்டைப்பெட்டிகளில், மைக்ரோஃபிலிமில், ஸ்கேன் செய்த படங்களாக. அவற்றிலும் பெயர் போட்டுத் தேட முடியாதபடிதான் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது கடையில் முதன்முதலாக வாங்கியவரின் பெயர். அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருந்தால், பல மாநிலங்களில் அந்தக் கைமாற்றத்துக்கு எழுத்தே இருக்காது. தடமறியும் விவரங்களைப் போலீஸ் தவிர வேறு யாருக்கும் எளிதில் தராதபடி 2003 முதல் தனிக் கட்டுப்பாடும் இருக்கிறது.

அரசாங்கமே இப்படிப் படிப்படியாக ஏறித்தான் போக வேண்டும் என்றால், இணையத்தில் படம் பார்க்கும் வழிப்போக்கன் அந்த எண்ணை வைத்துக்கொண்டு முதல் படியிலேயே நின்றுவிடுகிறான். அது பூட்டு தெரியாத சாவி.

அதற்காக எண்ணில் தீங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேண்டாதவன் ஒருவன் அந்த எண்ணைத் தன்னுடையது என்று சொல்லிக் களவுபோனதாகப் புகார் கொடுத்தால், எஃப்.பி.ஐ. நடத்தும் களவுப் பொருள் பட்டியலில் அது ஏறிவிடலாம். பிறகு என்றைக்காவது சாலையில் போலீஸ் நிறுத்திச் சோதித்தால், வாங்கிய ரசீதைக் காட்டி நிரூபிக்கும் பாடு உரிமையாளருக்கு. புகார் கொடுத்தவனும் பொய்ப் புகாருக்கு உள்ளே போக வேண்டியிருக்கும் என்பதால் விளையாட்டாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. இன்னொன்று மோசடி விற்பனை: அடுத்தவர் போட்ட படத்தையும் எண்ணையும் எடுத்துத் தன் சரக்கு என்று காட்டி முன்பணம் பறிப்பது. இதற்காகத்தான் விற்பவரிடம் ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதித் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்காகவும் எண்ணை மறைப்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டைவிரல் அழுந்தும் வேகத்துக்கு இந்தக் காரணங்கள் போதாது.

வேகம் வருவது வேறு இடத்திலிருந்து. யார் வீட்டில் என்ன துப்பாக்கி என்று அரசாங்கம் பட்டியல் போட ஆரம்பித்தால், நாளை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பறிக்க வரும் என்ற பயம் அங்கே தலைமுறை தலைமுறையாக வருகிறது. 1986ஆம் ஆண்டுத் தடையே அந்தப் பயம் பெற்ற பிள்ளை. அதனால் கட்டைவிரலை நான் ஒரு கொடியாகத்தான் பார்க்கிறேன். அதை வைப்பவர் தன் கூட்டத்துக்குத் தன்னை அடையாளம் காட்டுகிறார். வாஷிங்டனைப் பார்த்து முகம் திருப்புகிறார். திருடனுக்கு அதில் அக்கறை இல்லை. அவன் பார்ப்பது படத்தின் மற்ற பாகத்தை.

இனி இடம். போன் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு போகிறது. எக்ஸிஃப் என்று பெயர். 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று வகுத்த முறை இது. யாரையும் வேவு பார்க்கச் செய்ததில்லை. எந்தக் கேமரா, என்ன ஷட்டர் வேகம், ஃபிளாஷ் எரிந்ததா என்று போட்டோக்காரர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பதைக் கேமராவே குறித்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். அதில் அட்சரேகை, தீர்க்கரேகைக்கும் கட்டங்கள் உண்டு. சாதாரணக் கேமராவில் ஜி.பி.எஸ். இல்லாத வரை அவை காலியாகக் கிடந்தன. 2008இல் ஐபோன் 3ஜி போன்ற கருவிகள் வந்த பிறகு அந்தக் கட்டங்கள் தாமாக நிரம்பத் தொடங்கின. நிரம்புகிறது என்பதை வெகு காலம் யாரும் கவனிக்கவில்லை.

2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருக்கும் கணினி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ஃபிரீட்லாந்தும் ராபின் சோமரும் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பழைய பொருள் விற்கும் விளம்பரப் படங்கள், ட்விட்டர் படங்கள், யூட்யூப் வீடியோக்கள் எல்லாவற்றிலும் வீட்டின் இடம் அப்படியே இருந்தது. விலையுயர்ந்த பொருள் எந்த வீட்டில் இருக்கிறது, வீட்டுக்காரர் எந்த நேரத்தில் வெளியூரில் இருக்கிறார் என்பதை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். நம் ஊரில் திருடன் பகலில் பழைய பேப்பர் வாங்குபவன்போல் வந்து நோட்டம் பார்ப்பான் என்பார்கள். அந்த நோட்டத்தை இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது கட்டுரையின் சாரம். அதே ஆண்டு, 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஆடம் சாவேஜ் தன் வீட்டு வாசலில் நின்ற காரைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். வேலைக்குக் கிளம்பிவிட்டேன் என்பது செய்தி. வீடு எங்கே என்பதைப் படம் சேர்த்துச் சொன்னது.

ஆயுதமும் இடமும் ஒரே படத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ராணுவமே 2012இல் ஓர் உதாரணம் சொன்னது. 2007இல் இராக்கிலிருந்த ஒரு தளத்துக்குப் புதிய ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின. சிப்பாய்கள் சிலர் ஆசையாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். எதிரிகள் படத்திலிருந்த இடக்குறிப்பை எடுத்துத் தளத்துக்குள் அவை நின்ற இடத்தைக் குறிவைத்து மோர்ட்டார் அடித்தார்கள். நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் அழிந்தன. அந்த ஹெலிகாப்டர்களின் வால் எண்ணை யார் மறைத்தார்கள், யார் மறைக்கவில்லை என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

அதே 2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி கதை. வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்றவர். பெலிஸ் நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கொலை தொடர்பாக விசாரிக்கத் தேடப்பட்டபோது தலைமறைவானார். 'வைஸ்' பத்திரிகைக்காரர்கள் அவரோடு கூடவே சுற்றினார்கள். அவருடைய படத்தை அவர்கள் வெளியிட, அதிலிருந்த ஜி.பி.எஸ். குறிப்பு குவாத்தமாலாவின் ரியோ டுல்சேயைக் காட்டிவிட்டது. தானே பொய்யான இடத்தைப் புகுத்தியதாக முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு உண்மையை ஒப்புக்கொண்டார். இரண்டு நாளில் குவாத்தமாலாவில் கைதானார். கணினிப் பாதுகாப்பே தொழிலாகக் கொண்டவருக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் தோன்றாதது என் மச்சினனுக்குத் தோன்றவில்லை என்று நான் அவனைத் திட்டவில்லை.

இரண்டையும் இப்போது எதிரெதிரே நிறுத்தலாம். எண்ணுக்குள் இருக்கும் பெயரை எடுக்க ஓர் அலுவலகத்தின் கதவு திறக்க வேண்டும்; இடக்குறிப்பு வழிப்போக்கனுக்கும் திறந்தே கிடக்கிறது. எண் இரும்போடு போகிறது: துப்பாக்கியை விற்றால் அந்த எண்ணின் நல்லதும் கெட்டதும் வாங்கியவர் தலையில். இடம் ஆளோடு இருக்கிறது: வீடு மாறினால் பழைய படம் பழைய வீட்டைத்தான் காட்டும், அங்கே புதிதாகக் குடிவந்த அப்பாவி ஒருவருக்கு அது தெரியவே தெரியாது. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. துப்பாக்கியே இல்லாத வீட்டுக்குத் துப்பாக்கி தேடி ஒருவன் வரலாம்.

மறைக்கும் வேலையிலும் இரண்டும் நேர் எதிர். எண் படத்தின் முகத்தில் இருக்கிறது. அதை மறைக்க நாமே பூசி மெழுக வேண்டும், பூச்சு பல விதத்தில் காலைவாரும். போனில் படத்தின் மேல் கிறுக்க ஒரு தடித்த பேனா இருக்கும். பார்க்கக் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் அது ஹைலைட்டர்போல ஊடுருவிக் காட்டும் மை. படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் இருக்கும் எழுத்து மெல்ல எழுந்து வரும். நீங்களே உங்கள் போனில் ஒரு மின்கட்டண ரசீதைப் படமெடுத்துப் பாருங்கள், முதலில் நம்பமாட்டீர்கள். சுழல்போல் முறுக்கி மறைப்பதும் உதவாது. 2007இல் குழந்தைகளிடம் கொடுமை செய்த ஒருவன் தன் முகத்தைச் சுழற்றி மறைத்துப் படம் போட்டிருந்தான். ஜெர்மன் போலீஸ் அந்தச் சுழலை எதிர்த்திசையில் சுழற்றி முகத்தை மீட்டது. இன்டர்போல் உலகம் முழுக்க அந்த முகத்தைக் காட்ட, தாய்லாந்தில் பிடிபட்டான். வெட்டி எறிவதாவது பத்திரமா என்றால், 2023இல் கூகுள் பிக்ஸல் போனில் ஒரு கோளாறு வெளிவந்தது. அதன் எடிட்டிங் கருவியில் ஓரத்தை வெட்டிச் சேமித்தாலும் வெட்டிய பாகத்தின் தரவு கோப்பின் வாலில் தங்கியிருந்தது. ஓரளவு மீட்கவும் முடிந்தது. சில ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே எண்ணை மறைக்க நல்ல வழி, படமெடுக்கும் முன்பே ஒரு டேப் ஒட்டுவது. அந்த விதத்தில் கட்டைவிரல் புத்திசாலித்தனமான கருவிதான்.

இடக்குறிப்போ முழுசாகப் பிய்த்து எறியக்கூடியது. கேமராவுக்கு லொகேஷன் அனுமதியை நிறுத்திவிட்டால் அந்தக் கட்டம் காலி. ஐபோனில் பகிரும்போது மேலே 'ஆப்ஷன்ஸ்' தொட்டு லொகேஷனை அணைக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை அனுப்பினாலும் போதும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் (பழைய ட்விட்டர்) ஆகியவை மற்றவர்கள் பார்க்கும் படத்திலிருந்து அதை நீக்கிவிடுகின்றன. கம்பெனி தனக்கென்று என்ன வைத்துக்கொள்கிறது என்பது வேறு கதை. வாட்ஸ்அப்பிலும் சாதாரணப் படமாகப் போனால் நீங்கிவிடும். மெயிலில், டிரைவ் இணைப்பில், டாக்குமென்டில் அப்படியே போகும். கஷ்டமான மறைப்பை ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒரு தொடுதலில் முடிகிற மறைப்பை விட்டுவிடுகிறார்கள்.

எண்ணும் இடமும் ஒரே தாளில் சேர்ந்துவிடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சைலன்சர் போன்ற சிலவற்றை மட்டும் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டரசிடம் பதிந்துதான் வாங்க வேண்டும். காத்திருந்து முத்திரையோடு படிவம் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் அதைப் படமெடுத்துப் போடுவார்கள். அந்தப் படிவத்தில் பெயர், வீட்டு முகவரி, பொருளின் எண் மூன்றும் வரிசையாக அச்சாகியிருக்கும்.

படத்தின் பின்னணியும் பேசும். சுவரோரம் நிற்கும் துப்பாக்கிப் பெட்டகத்தைப் பாருங்கள். அதற்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணை யாரும் மறைப்பதில்லை. 2023இல் எஃப்.பி.ஐ. நீதிமன்ற ஆணையோடு கேட்டபோது லிபர்ட்டி சேஃப் என்ற பெட்டகக் கம்பெனி ஒரு வாடிக்கையாளரின் பெட்டகத்தைத் திறக்கும் இரகசிய எண்ணைக் கொடுத்தது. கம்பெனி அந்த எண்களைச் சேமித்துவைத்திருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கொதித்தெழுந்தார்கள், தங்கள் எண்ணை அழிக்கச் சொல்லிக் கேட்கும் வசதியைக் கம்பெனி கொடுத்தது. துப்பாக்கியின் எண் யாருக்கும் கதவு திறக்காது. பெட்டகத்தின் வரிசை எண்ணைச் சரியான இடத்தில் சொன்னால் உண்மையாகவே கதவு திறக்கும்.

விரலும் சாட்சி சொல்லும். 2018இல் தெற்கு வேல்ஸ் போலீஸ், வாட்ஸ்அப் படமொன்றில் உள்ளங்கையில் மாத்திரை ஏந்தியிருந்த ஒருவனின் விரல்ரேகையைப் படத்திலிருந்தே எடுத்துப் போதை வழக்கில் பயன்படுத்தியது. என் மச்சினன் படத்தில் கட்டைவிரலின் நகப்பக்கம்தான் தெரிந்தது. தப்பித்தான்.

படமே இல்லாமல் இடம் கசிந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் இங்கே வைக்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கசிவு ஜனங்களை உண்மையில் அலற வைக்கிறது என்பதை அவைதான் காட்டுகின்றன. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, நியூயார்க் மாநிலத்தின் 'தி ஜர்னல் நியூஸ்' நாளிதழ் வெஸ்ட்செஸ்டர், ராக்லாண்ட் மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றவர்களின் பெயர், முகவரியை ஒரு வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வெளியிட்டது. தகவல் கேட்டுப் பெறும் சட்டப்படி வாங்கிய விவரம், சட்டத்தில் தவறில்லை. எந்தத் துப்பாக்கி, என்ன எண் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஊர் கொந்தளித்தது. உங்கள் வீடு எங்கே என்று தெரியும் என்று கைதிகள் சிறைக் காவலர்களிடமே சொல்வதாக ராக்லாண்ட் மாவட்டத்தில் குரல் எழுந்தது. பதிலுக்கு யாரோ பத்திரிகைக்காரர்களின் முகவரிகளைத் திரட்டி வெளியிட்டார்கள். மிரட்டலுக்குப் பயந்து பத்திரிகை தன் அலுவலக வாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர்களை நிறுத்த வேண்டிவந்தது. 2013 ஜனவரியில் மாநிலம் புதுச் சட்டம் போட்டு, தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கோரும் உரிமையை உரிமதாரர்களுக்குக் கொடுத்தது, வரைபடமும் இறங்கியது.

அடுத்தது 2022 ஜூன், கலிஃபோர்னியா. மாநில நீதித்துறை புள்ளிவிவரத்துக்காக ஒரு தளத்தைத் திறந்தபோது, துப்பாக்கியை மறைத்துவைத்து எடுத்துச்செல்ல உரிமம் கேட்ட சுமார் 1,92,000 பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பொதுவெளிக்கு வந்துவிட்டன. இவர்களில் எத்தனையோ பேர் கட்டைவிரல் வைத்துப் படம் போட்டவர்களாக இருந்திருப்பார்கள். அரசாங்கத்திடம் எதை மறைக்க விரலை வைத்தார்களோ, அதைவிடப் பெரியதை அரசாங்கமே கைதவறிக் கொட்டிவிட்டது.

இந்தியாவுக்கு இந்த ஒப்பீட்டை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே துப்பாக்கி உரிமப் புத்தகத்தில் உரிமையாளர் படம், பெயர், முகவரி, துப்பாக்கியின் எண் எல்லாம் ஏறியிருக்கும். உரிமத்துக்குத் தேசிய அளவில் தனி அடையாள எண்ணும் உண்டு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கிராமத்தில் யார் வீட்டில் துப்பாக்கி என்பது டீக்கடைக்கே தெரியும். அரசிடம் மறைக்க எதுவும் இல்லாததால் கட்டைவிரலுக்கு அங்கிருக்கும் அர்த்தம் இங்கே இல்லை. இங்கே படம் போடுவதே சிக்கல்: 2022 நவம்பரில் பஞ்சாப் அரசு, சமூக ஊடகம் உட்பட எங்கும் ஆயுதத்தைப் பகட்டாகக் காட்டக் கூடாது என்று தடை போட்டது. எண் தெரிகிறதா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஹூஸ்டனுக்குத் திரும்புகிறேன். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மச்சினனிடம் சொன்னேன். லொகேஷன் விஷயம் அவனுக்கு உடனே உறைத்தது. பேசிக்கொண்டே கேமராவின் அனுமதியை அணைத்தான். பழைய படங்கள் யார் யாருக்குப் போயின என்று விரல்விட்டு எண்ணினான். பிறகு கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டான்:

"அப்ப நம்பரை மறைக்கவே வேண்டாம்கிறீங்களா?"

"மறைச்சுக்கோ. ஊருக்குத்தானே மறைக்கணும்? உனக்குத் தெரியுமா அந்த நம்பர்?"

"எனக்கு எதுக்கு?"

களவுபோனால் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான். எண் இல்லாமல் களவுப் பட்டியலில் ஏற்ற முடியாது. என்றைக்காவது எங்காவது அந்தத் துப்பாக்கி பிடிபட்டாலும் அது இன்னாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. அமெரிக்க அரசின் துப்பாக்கித் துறையே, வீட்டில் வைத்துக்கொள்வதற்கென்று ஒரு தாள் அச்சிட்டிருக்கிறது. கம்பெனி, மாடல், எண் எல்லாம் நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியது. யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் எழுந்துபோய்த் துப்பாக்கியை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எனக்குக் கேட்காதபடி வாய்க்குள்ளேயே படித்து ஒரு தாளில் எழுதினான்.

"எழுதிட்டேன் அத்தான். பத்திரமா வச்சுட்டேன்."

"எங்க?"

"துப்பாக்கி இருக்கிற பெட்டியிலதான்."